ஜெராக்ஸில் விழாத தாள்

தம்பி,

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய கவர் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுச் சீட்டில், "அப்பா, குறி போட்ட இடத்துல மட்டும் கையெழுத்து போட்டு உடனே அனுப்புங்க. படிக்கணும்னு இல்ல, எல்லா கம்பெனியிலயும் இப்படித்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தாய். வேலைக்குச் சேரும் பையனுக்கு அப்பன் ஜாமீன் போடவேண்டும் என்பது அந்த வீடியோ கேம் கம்பெனியின் வழக்கம் என்று போனில் சொன்னாய். மாதக் கடைசிக்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் வேலை இன்னொருவனுக்கு என்றும் சொன்னாய்.

இன்று சனிக்கிழமை. நான் கையெழுத்துப் போடவில்லை. உன் அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். "புள்ள அங்க காத்துக்கிட்டு கெடக்கான். நீங்க என்னமோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒக்காந்திருக்கீங்க" என்று காலையில் சொன்னாள். பரீட்சைக்குப் படிப்பது போலத்தான் படித்தேன். பக்கத்தில் அகராதி, கையில் ஸ்கேல், ஒரு வரி முடிந்தால்தான் அடுத்த வரி. நாலு நாள் ஆயிற்று. என் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஒப்பந்தத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தது இதுதான் முதல் தடவை. படித்து முடித்தபோது எனக்கு வெறுத்துப் போயிற்று. அந்தக் கம்பெனியை நினைத்துப் பாதி, என்னை நினைத்து மீதி. ஏன் என்று எழுதுகிறேன். இதில் ஒரு காப்பியைக் கடைச் சுவரிலும் ஒட்டப் போகிறேன். என்னிடம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சான்றிதழ் ஜெராக்ஸுக்கு வரும்போது நின்று படித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாம் கடை போட்டபோது உனக்குப் பதினோரு வயது. முதலில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியில், மெஷின் கண்ணாடியை நீ ஓயாமல் துடைத்துக்கொண்டே இருப்பாய். அடுத்த வருடம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது, பிறகு மூன்று. பகலில் பயிற்சி வகுப்பு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பையன்களுக்கு விளையாட்டு. நடுவில் அரியலூரை மாவட்டமாக்கினார்கள், அடுத்த வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் சாதிச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு நம் கடைக்குத்தான் ஓடிவந்தார்கள். காப்பி எடுப்பதில் தப்பு என்று ஒன்று இருக்கமுடியும் என்பதே எனக்கு அப்போது தோன்றியதில்லை.

அந்தச் சிவப்புத் தாள் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஆலைக் குடியிருப்பிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சான் அனுப்பிய கேம், மூன்று பிளாப்பி, கூடவே ஒரு தாள். காய்ந்த ரத்த நிறத்தில் தாள், அதன்மேல் கறுப்பு எழுத்தில் வரிசை வரிசையாகச் சொற்கள். விளையாட்டைத் திறந்தால், இருபதாவது வரிசையில் ஏழாவது சொல் என்ன என்று கேட்கும். தாள் இல்லாதவன் ஆட முடியாது. தன் பையன் கிழித்துவிடுவான் என்று ஒரே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ள வந்தார் மனுஷன். நான் போட்டேன், கன்னங்கரேலென்று வந்தது. மையைக் குறைத்தால் எழுத்தும் சேர்ந்து காணாமல் போயிற்று. "என்னங்க மெஷின் வெச்சிருக்கீங்க?" என்று அவர் என்மேல் எரிந்து விழுந்தார்.

நீதான் கண்டுபிடித்தாய். "அப்பா, மெஷினுக்கு செவப்பும் கறுப்பும் ஒண்ணாத்தாம்பா தெரியுது. காப்பி எடுக்கக் கூடாதுன்னே இப்படி அச்சடிச்சிருக்காங்க!" என்று குதித்தாய். எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் இவ்வளவு யோசித்திருக்கிறானே என்று உனக்கு ஆச்சரியம். எனக்கு அந்த ஆச்சரியமெல்லாம் இல்லை. "சார், பிளாப்பியையும் தாளையும் வெச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றேன். நீ வாசலில் உட்கார்ந்து தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாய், நான் வெள்ளைத்தாளில் எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று தாலுகா ஆபீஸ் வரைக்கும் பேர். சாயங்காலம் அவருக்கு ஒன்று கொடுத்தேன். மற்றதெல்லாம் நமக்கு. மூன்று பிளாப்பியின் காப்பியும் என் கையெழுத்தின் ஜெராக்ஸும் திருமானூர், உடையார்பாளையம், பாடாலூர் என்று சுற்றாத ஊர் இல்லை. உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, "நாம ஜெயிச்சிட்டோம்டா" என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பன் கற்றுக்கொடுத்த முதல் தொழில் அது. இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் திருச்சியிலிருந்து அந்த சிடிக்காரர் வர ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு நாள், தோளில் ரெக்ஸின் பை, பை நிறைய பாலிதீன் கவரில் போட்ட காப்பி சிடிக்கள். நம் கம்ப்யூட்டர்களில் இருந்த அத்தனையும் அவர் பையிலிருந்து வந்ததுதான். பயிற்சிக்கு வைத்திருந்த சாப்ட்வேரும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு எப்போதாவது உறுத்தினால் அவர் சிரிப்பார். "அண்ணே, அண்டாவத் தூக்கிட்டுப் போனாத்தான் திருட்டு. இங்க அண்டா அவன் வூட்லயே இருக்கு. நாம அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சுக்கிறோம், அவ்ளோதான்." எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப் போயிற்று. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் சொந்த யோசனை மாதிரி எடுத்துவிடுவேன். பேச்சைக்கூடக் காப்பி அடித்தவன் நான்.

வகுப்பில் நான் நடத்திய பாடமும் அப்படித்தான். சாப்ட்வேர் போடுவது எப்படி என்று நோட்டில் எழுதச் சொல்வேன். சிடியைப் போடு, நெக்ஸ்ட் அமுக்கு, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தை அமுக்கு, மறுபடி நெக்ஸ்ட், முடிந்தது. மாதப் பரீட்சையில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒரு தடவை திருமானூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்று, "சார், எதுக்கு ஒத்துக்கிறோம்? அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். "அது வெள்ளைக்காரன் வேலையத்து எழுதி வெச்சதும்மா, படிச்சா தூக்கம்தான் வரும். அமுக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் முகம் சுருங்கி உட்கார்ந்தாள். பத்து வருடத்தில் என் வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. அதை நான் சிரிப்பு மூட்டி அமுக்கிவிட்டேன்.

நான் மட்டும்தான் அயோக்கியன் என்று சொல்லவரவில்லை. உன் பதினான்காவது பிறந்தநாளுக்குச் சென்னையிலிருந்து ஒரு ஒரிஜினல் கேம் வாங்கி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா அந்தப் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். விளையாடும்போதெல்லாம் சிடி உள்ளேயே இருக்கவேண்டும், அதுதான் அதன் பூட்டு. மூன்று மாதம் ஓடி ஓடி, நம் ஊர்ப் புழுதியில் சிடி கீறிப் போயிற்று. உள்ளே ஒரிஜினல் சிடி இருக்கும்போதே, 'ஒரிஜினல் சிடியைப் போடவும்' என்று திரையில் வந்தது. பெட்டியில் போட்டிருந்த விலாசத்துக்கு நீ இங்கிலீஷில் கடிதம் எழுதினாய், அம்மா தபாலாபீஸுக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தாள். நீ தபால்காரரைப் பார்த்துப் பார்த்து வாசலில் நின்றாய். பதில் வரவில்லை. பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் இருந்த காகிதத்தைப் பிறகு நீதான் படித்துச் சொன்னாய். நாம் அந்த விளையாட்டை வாங்கவே இல்லையாம், ஆடிக்கொள்ள அனுமதி மட்டும்தான் வாங்கினோமாம். சிடிக்காரர் பூட்டை எடுத்துவிட்ட காப்பி ஒன்று கொண்டுவந்தார். அது ஓடியது. காசு கொடுத்தவனை மட்டும் திருடனாகப் பார்த்த பூட்டு அது. அசல் திருடனை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கம்பெனிமேல் எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஒரு கோபத்தைக் காட்டி அடுத்த பத்துத் திருட்டுக்கு நானே எனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டேன். அது நியாயமில்லை.

இனி எழுதவேண்டியதை எழுதத்தான் வேண்டும். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் நீ 'சுண்ணாம்பு லாரி' செய்தாய். சுரங்கத்திலிருந்து ஆலைக்கு லாரி ஓட்ட வேண்டும். குறுக்கே ஆடு வரும், கல்யாண ஊர்வலம் வரும். ரயில்வே கேட் மூடிவிட்டால் டிரைவர் இறங்கி டீ குடிப்பான், நேரம் போய்க்கொண்டே இருக்கும். ஹாரன் சத்தம் உன் வாயால் ஊதிப் பதிவு செய்தது. சிடிக்காரர் கொண்டுவந்த பளபளப்பான விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டுப் பையன்கள் அதற்கு வரிசையில் நின்றார்கள். அதற்கு நீ ஒரு பூட்டும் செய்திருந்தாய். மெரூன் நிறச் சார்ட் பேப்பரில் கறுப்பு மையால் நாற்பது லாரி எண்கள், எதிரே நாற்பது டிரைவர் பெயர்கள். பதினேழாம் லாரி டிரைவர் யார் என்று கேட்கும், சொன்னால்தான் வண்டி கிளம்பும். "ஜெராக்ஸ்ல விழாதுப்பா!" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினாய். முதல் லாரியின் டிரைவராக என் பெயரைப் போட்டிருந்தாய். கவுன்சிலிங்குக்குச் சென்னை கிளம்பும்போது, "இத யாருக்கும் குடுத்துடாதீங்கப்பா. வந்து இன்னும் நாலு ஊர் சேக்கணும். அப்புறம் நம்ம பேர் போட்டு நாமளே வெளியிடலாம்" என்றாய். சரிடா என்றேன்.

மறுநாளே சிடிக்காரர் வந்தார். ஆடிப் பார்த்தார், கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "யாருண்ணே செஞ்சது?" "நம்ம பையன்தான்." "அட, நம்ம ஊரு சரக்கு! ஒரு காப்பி போட்டுக்கட்டுமாண்ணே?" அஞ்சு வருடமாக அவரிடம் காப்பியாக வாங்கித் தின்ற வாய்க்கு, கூடாது என்று சொல்ல வரவில்லை. பெருமை வேறு பல்லை இளிக்க வைத்தது. போட்டுக்குங்க என்றேன். தாளைக் கேட்டார். மெஷினில் வைத்தேன், கன்னங்கரேலென்று வந்தது. அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். நாற்காலியை வாசலில் போட்டு, உன் தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்து, இந்தத் தடவை நானே வாசித்து நானே எழுதினேன். முதல் வரியில் என் பெயர். அதையும் அழகாக எழுதிவிட்டு இரண்டாவது வரிக்குப் போனேன். அவ்வளவு கேவலமான காரியத்தை அவ்வளவு நிதானமாக ஒருவன் செய்யமுடியும் என்பது இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து நீ கூட்டாளியைப் பார்க்கப் பெரம்பலூர் போனாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 'நூற்றியொரு விளையாட்டு' என்று ஒரு சிடி தொங்கியது. அதில் உன் லாரி ஓடிக்கொண்டிருந்தது. முதல் திரையில் உன் பெயர் இருந்த இடத்தில் வேறு யாருடைய கடைப் பெயரோ இருந்தது. யார் செய்ததுங்க என்று நீ கேட்டதற்கு, "ஏதோ மெட்ராஸ் கம்பெனியாம் தம்பி, நல்லா ஓடுது" என்றார் கடைக்காரர். சிடியை வாங்கி, அதன் கவருக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாய். பஸ் ஏறி நேராகக் கடைக்கு வந்து, அந்த சிடியையும் தாளையும் என்முன்னால் வைத்தாய். "இது உங்க கையெழுத்துப்பா" என்றாய். கடையில் நடந்ததைப் பிறகு அம்மாவிடம்தான் சொன்னாய்.

அப்போதாவது மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "அதுக்கென்னடா இப்ப? உன்னுது உங்கிட்டயேதான இருக்கு. காப்பிதான போச்சு." மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற அம்மா கையிலிருந்த தாள்களைக் கீழே போட்டாள். "இது பெத்தவன் பேசுற பேச்சா?" என்று கேட்டாள். நீ "அப்ப சரிப்பா" என்று உள்ளே போனாய். மறுநாள் நம் கம்ப்யூட்டர் எதிலும் 'சுண்ணாம்பு லாரி' இல்லை. உன் பிளாப்பிகளும் இல்லை. காலேஜ் போனாய், லீவில் வந்தாய், கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் எல்லாம் செய்து கொடுத்தாய். ஐந்து வருடத்தில் இந்தக் கடைக்குள் வைத்து நீ ஒன்றுகூடப் புதிதாகச் செய்யவில்லை. அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுதக்கூடாது. சிடிக்காரர் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வந்தார். நானும் வாங்கினேன். இன்டர்நெட் வந்ததும் அவருக்கே பிழைப்பு போய்விட்டது, அதனால் நின்றது.

இப்போது இந்தப் பதினான்கு பக்கத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் பிரிவைப் படித்தாயா? வேலையில் இருக்கும் காலத்தில் நீ செய்வதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். ஆபீஸில் செய்தாலும் சரி, லீவு நாளில் நம் வீட்டில் உட்கார்ந்து உன் சொந்தக் கம்ப்யூட்டரில் செய்தாலும் சரி. உன் பெயரைப் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம். ஒரு காப்பி எடுத்தால் உலகம் முழுக்க வழக்குப் போடுவேன் என்று எறும்பு எழுத்தில் மிரட்டுகிறவர்கள், செய்தவன் பெயரை இவ்வளவு சுலபமாக அழித்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரம்பலூர்க் கடைக்காரன் செய்த அதே வேலையை இவர்கள் முத்திரைத்தாளில் செய்கிறார்கள். பன்னிரண்டாம் பிரிவு இன்னும் மோசம். சேருவதற்கு முன்பு நீயாகச் செய்தது ஏதாவது இருந்தால் கடைசிப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும், எழுதாததைப் பிறகு என்னுடையது என்று கேட்க முடியாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கட்டத்தில் நீ எழுதியிருந்தாய், உன் கையெழுத்தில், ஒன்றுமில்லை என்று.

உன்மேல் கோபம் வந்தது. கோபம் போனதும் வெட்கம் வந்தது. படிக்காதே, அமுக்கு என்று ஊருக்கே பாடம் நடத்தியவன் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருப்பான்? உன் சொத்தை உன் கண்முன்னால் ஒன்றுமில்லாததாக்கிய முதல் ஆள் நான்தான். கம்பெனி இரண்டாவது ஆள்.

வேலையை விடு என்று சொல்லவில்லை. நீ ஆசைப்பட்டுத் தேடிய வேலை. ஒன்பதாம் பிரிவில் வீடு, லீவு என்று வரும் வரியை எடுக்க முடியுமா என்று அவர்களிடம் நேராகக் கேள். ஒரு வக்கீலிடமும் காட்டு. முடியாது என்றால், அப்படியும் சேருவதா என்று நீயே முடிவு செய். ஆனால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு முடிவு செய். சிரிக்கிறவன் சிரித்துக்கொள்ளட்டும், அந்தத் திருமானூர்ப் பெண் கேட்ட மாதிரி எழுந்து நின்று கேள்.

பெரம்பலூரிலிருந்து நீ கொண்டுவந்து என்முன்னால் வைத்த அந்த சிடியைத் தாளோடு கல்லாப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். நேற்று போட்டுப் பார்த்தேன், இன்னும் ஓடுகிறது. கல்யாண ஊர்வலத்தைப் பார்த்து உன் அம்மா சிரித்தாள், ஹாரன் சத்தம் வந்ததும் அழுதாள். திருடின காப்பிதான் மிஞ்சியிருக்கிறது என்பது எனக்குப் பெருமை இல்லை. அதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பதினான்கு பக்கத்திலும் உன் பென்சில் குறிகளை ரப்பரால் அழித்துவிட்டேன். கடைசிப் பக்கத்துக் கட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் நான் ஒரு குறி போட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை என்பதை அடித்துவிட்டு, அங்கே விளையாட்டின் பெயரையும் உன் பெயரையும் எழுத வேண்டும். நானே எழுதிவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பழகின கை அல்லவா? உன் பொருள்மேல் என் கையெழுத்து ஒரு தடவை விழுந்தது போதும் என்று வைத்துவிட்டேன். நீ எழுது. எழுதி அனுப்பு, அதற்குக் கீழே நான் ஜாமீன் போடுகிறேன்.

நாலு ஊர் சேர்க்க வேண்டும் என்றாயே, என்றைக்காவது சேர்ப்பாய். அப்போது முதல் லாரிக்கு வேறு டிரைவரைப் போடவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், போட்டுக்கொள். அதற்கு நான் முழுசாகப் படித்துப் பார்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா